ஒரு பந்தா, இரண்டு பந்தா, டென்னிஸ் பந்தா? சிறார் கூடைப்பந்தில் கைப் பயிற்சிகள் ஓர் ஒப்பீடு

பத்து வயதுப் பிள்ளைக்கு வலக்கையில் பந்து சொன்னபடி கேட்கிறது. இடக்கைக்கு மாற்றினால் ஓடிவிடுகிறது. வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம்தான் இதற்கென்று ஒதுக்க முடியும். இந்த இடத்தில் நிற்கும் பெற்றோரும், சிறுவர் அணியைப் புதிதாகப் பொறுப்பேற்ற பயிற்சியாளரும் கேட்பது ஒரே கேள்வி: இணையத்தில் கொட்டிக் கிடக்கும் டிரிபிளிங் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே இருப்பது) பயிற்சிகளில் எதைப் பிடித்துக்கொள்வது?

பெரும்பாலானவர்கள் தேர்ந்தெடுப்பது இரண்டு பந்துப் பயிற்சியை. பார்க்க அசத்தலாக இருக்கிறது, பிள்ளைக்கும் பிடிக்கிறது. ஆனால் பலருக்கும் அது சில மாதங்கள் முந்திப் போய்விடுகிறது. பிள்ளையிடம் குறைவது தொடுவுணர்வா, தாளமா, கண்ணா, எதிராளியைச் சமாளிக்கும் திறனா என்று பார்த்துத்தான் பயிற்சியை எடுக்க வேண்டும். நான்குக்கும் மருந்து வேறு வேறு.

## முதலில் பந்து

எந்தப் பயிற்சியை ஒப்பிடுவதும் சரியான அளவுப் பந்து கையில் இருந்தால்தான் பொருள்படும். 7ஆம் எண் பந்தின் சுற்றளவு சுமார் 75 செ.மீ., எடை 600 கிராம் அளவில். 5ஆம் எண் பந்து சுமார் 70 செ.மீ., அரைக் கிலோவை ஒட்டி. 11 வயது வரை 5ஆம் எண்ணே போதும். வீட்டில் அண்ணனுடைய 7ஆம் எண் பந்து கிடக்கிறதே என்று அதைக் கொடுத்தால், சிறிய கை விரலால் தள்ள முடியாமல் உள்ளங்கையால் அறையத் தொடங்கும். மணிக்கட்டு செய்ய வேண்டிய வேலையைத் தோள் எடுத்துக்கொள்ளும். அந்தப் பழக்கத்தைப் பிறகு கழற்றுவது பெரும்பாடு.

காற்றையும் பாருங்கள். பிள்ளையின் தலை உயரத்திலிருந்து பந்தைத் தள்ளாமல் கைவிட்டால், அது ஏறக்குறைய அவர்கள் இடுப்பளவுக்கு எழ வேண்டும். அதற்குக் கீழே நின்றால் ஒவ்வொரு தட்டுக்கும் ஓங்கி அடிக்க வேண்டியிருக்கும், கை சீக்கிரம் சோரும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஐந்து அளவுகோல்கள் போதும்.

தொடுதல். ஒரு நிமிடத்தில் கை எத்தனை முறை பந்தைத் தொடுகிறது? நின்ற இடத்தில் முழங்கால் உயரத்தில் நொடிக்கு இரண்டு தட்டு என்றால் நிமிடத்துக்கு 120. வரிசையில் நின்று காத்திருக்கும் பயிற்சியில் இது பத்தில் ஒரு பங்காகக்கூடச் சுருங்கலாம்.

பழகாத கைக்கு எவ்வளவு பங்கு. பிள்ளைகள் தாமாகவே பழகிய கைக்குத்தான் திரும்புவார்கள். பயிற்சியின் அமைப்பே அதைத் தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கண் எங்கே நிற்கிறது. பந்தின் மேலா, வேறெங்காவதா?

ஆட்டத்துக்குப் போய்ச் சேருமா. பயிற்சியில் வந்தது, ஒரு டிஃபெண்டர், அதாவது தடுக்க வரும் எதிரணி வீரர், முன்னால் நிற்கும்போதும் வருமா?

மறைமுகச் செலவு. கூடுதல் பந்து, இடம், ஓடிப்போன பந்தைத் துரத்தும் நேரம், சத்தம், சலிப்பு, காயம். பயிற்சி வீடியோக்களில் இவை எதுவும் தெரியாது.

## 1. தரையில் தட்டாத பயிற்சிகள்

தலை, இடுப்பு, முழங்கால்களைச் சுற்றிப் பந்தைக் கைமாற்றுவது. விரித்த கால்களுக்கிடையே எட்டு வடிவில் சுழற்றுவது. கைகளை முன்னால் நீட்டி இரு விரல்நுனிகளுக்கிடையே பந்தைத் தட்டித் தட்டி மேலே தலைக்கும் கீழே கணுக்காலுக்கும் கொண்டுபோவது. இவற்றோடு இன்னொன்று: கால்களுக்கிடையே ஒரு கை முன்னாலும் ஒரு கை பின்னாலுமாகப் பந்தைப் பிடித்து, விட்டு, அது தரையைத் தொடுமுன் கைகளை இடம் மாற்றிப் பிடிப்பது.

இது தொடுவுணர்வுக்கான பயிற்சி. பந்து விரல்களில் எங்கே உட்கார்கிறது என்பதைக் கை கற்றுக்கொள்கிறது. விரல்கள் விரிந்து, உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவே இடைவெளி தெரிய வேண்டும். 'பட் பட்' என்று அறையும் சத்தம் கேட்டால் உள்ளங்கை படுகிறது என்று பொருள். இடுப்பைச் சுற்றும்போது பந்தைச் சுற்றுவதற்குப் பதில் இடுப்பையே ஆட்டிக்கொண்டிருப்பதும் அடிக்கடி நடக்கும். கால்களைத் தோளகலம் ஊன்றி, முழங்காலை மடக்கச் சொன்னால் சரியாகும்.

ஒரு பந்து, ஒரு சதுர மீட்டர் இடம், சத்தமே இல்லை. மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இதைவிட வசதியானது கிடையாது. ஆனால் பலன் சீக்கிரம் நின்றுவிடும். ஆட்டத்தில் யாரும் பந்தை இடுப்பைச் சுற்றி ஓட்டுவதில்லை. 7, 8 வயதினருக்கு ஐந்து நிமிடம் வரை கொடுக்கலாம். பெரியவர்களுக்கு இரண்டு நிமிடக் கை சூடேற்றல், அவ்வளவுதான்.

## 2. ஒரு பந்து, நின்ற இடத்தில்

கூட்டம் சேர்க்காத பயிற்சி. ஆனால் பழகாத கையை மாற்றுவதில் மற்ற எதுவும் இதற்கு ஈடாகாது.

வரிசை இப்படி: முதலில் பவுண்ட், அதாவது கணுக்கால், முழங்கால், இடுப்பு என்ற மூன்று உயரங்களில் அழுத்தித் தட்டுவது, ஒவ்வொன்றும் 20 நொடி, நடுவில் 10 நொடி ஓய்வு. அடுத்து ஒரே கையால் உடலுக்கு முன்னால் இடமும் வலமும். பிறகு உடலின் பக்கவாட்டில் முன்னும் பின்னும். கடைசியாக கிராஸ் ஓவர், அதாவது உடலுக்கு முன்னால் ஒரு கையிலிருந்து மறு கைக்குத் தட்டி மாற்றுவது. பழகிய கைக்கு ஒரு சுற்று என்றால் பழகாத கைக்கு இரண்டு. இந்தக் கணக்கை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தப்பு நடக்கும் இடங்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பழகாத கை, பந்து மேலே வரும்வரை காத்திருந்து மேலிருந்து அறைகிறது. பழகிய கை அப்படிச் செய்வதில்லை: எழும் பந்தைக் கீழேயே சந்தித்து, விரல்கள் ஒட்டியபடி அதோடு சேர்ந்து மேலே வந்து, பிறகு மணிக்கட்டை மடக்கித் தள்ளுகிறது. இரண்டு கைகளையும் அடுத்தடுத்து மெதுவாகத் தட்டச் சொல்லிப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பந்து விரல்களில் ஒட்டியிருக்கும் அந்த நேரம்தான் கட்டுப்பாடு. அதை நீட்டுவதற்கு இடுப்பு உயரத்தில் நிதானமாகத் தட்டுவது நல்லது. எல்லாவற்றையும் தாழ்வாகவும் வேகமாகவும் செய்யச் சொல்வது இந்தக் குறையை மறைத்துவிடும்.

இடம் வலமாகத் தட்டும்போது கை பந்தின் வெளிப்பக்கத்துக்கும் உட்பக்கத்துக்கும் மாற வேண்டும். சில பிள்ளைகள் கையைப் பந்தின் அடியில் கொண்டுபோய் ஏந்துவார்கள். மேட்ச்சில் அது கேரி என்ற விதிமீறல், விசில் அடித்துப் பந்தை எதிரணிக்குக் கொடுத்துவிடுவார்கள். கட்டை விரல் எங்கே பார்க்கிறது என்று கவனித்தாலே போதும்: அது வெளிப்புறம் திரும்பி உள்ளங்கை வானத்தைப் பார்த்தால் கை அடியில் போய்விட்டது.

மறைமுகச் செலவு இரண்டு. ஒன்று சலிப்பு, பத்து நிமிடத்துக்கு மேல் நீட்டினால் பிள்ளை உடலால் மட்டும்தான் அங்கே இருக்கும். இரண்டாவது குனிந்த தலை. இதற்காகப் பயிற்சியாளர்கள் விரல்களைக் காட்டி எண்ணைச் சொல்லச் சொல்வார்கள். நல்ல வழிதான். ஆனால் 'இப்போ எத்தனை?' என்று குரல் கொடுத்துக் கேட்டால், குரல் கேட்கும்போது மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிவார்கள். சத்தமில்லாமல் விரல்களை மாற்றிக்கொண்டே இருங்கள். மாறியதும் பிள்ளையே சொல்லட்டும்.

## 3. இரண்டு பந்து

இரு கையிலும் ஒரே நேரத்தில், பிறகு மாறி மாறி, பிறகு ஒன்று உயரமாகவும் ஒன்று தாழ்வாகவும், கடைசியில் நடந்துகொண்டே. வழக்கமான வரிசை இதுதான், வரிசை சரியும்கூட. எதற்காக இப்படி என்பது தெரிந்தால் எங்கே நிதானிக்க வேண்டும் என்பதும் புரியும்.

இரு கைகளும் இயல்பாகவே ஒரே தாளத்துக்கு இழுக்கப்படுகின்றன. ஆய்வாளர் கெல்சோ 1984இல் வெளியிட்ட விரலசைவுச் சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது: இரு ஆட்காட்டி விரல்களையும் ஒரே திசையில் ஆட்டச் சொல்லி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அவை கண்ணாடிப் பிம்பம் போல எதிரெதிராக அசையும் நிலைக்குத் தாமாகவே தாவிவிடும். மெதுவாக இருக்கும்போது இரண்டும் முடியும். வேகத்தில் ஒன்றுதான் தாங்கும். மைதானத்தில் நாம் பார்ப்பதும் இதே இனம்தான். மாறி மாறித் தட்டும் பிள்ளையை 'வேகமா, வேகமா' என்று விரட்டினால் இரண்டு பந்தும் சேர்ந்து விழத் தொடங்கும். பிள்ளை கவனிக்கவில்லை என்று கண்டிப்பதில் பயனில்லை. வேகத்தைக் குறைத்து, 'ஒண்ணு, ரெண்டு' என்று வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். மாறுதாளம் உடையாத வேகம் எதுவோ அதுதான் அன்றைய வேகம்.

உயரம், தாழ்வு கட்டத்தில் பலருக்கு இரண்டு பந்தும் நடு உயரத்தில் வந்து நின்றுவிடும். தாழ்ந்த பந்துக்குத் தரைக்குப் போய்வரும் தூரம் குறைவு, ஆகவே அதற்கு அதிகத் தட்டு வேண்டும். உயரப் பந்து ஒரு முறைக்குத் தாழ்ந்த பந்து இரு முறை என்று கணக்கைச் சொல்லிக் கொடுத்தால் சட்டென்று பிடிபடும்.

இனி செலவு. தலைக்கு இரண்டு பந்து வேண்டும். பத்துப் பேருக்குப் பத்துப் பந்து இருக்கும் அணியில் பாதிப் பேர் சும்மா நிற்பார்கள். இரண்டிலும் ஒரே அளவு காற்று இல்லாவிட்டால் தாளமே கூடாது. ஒரு பந்து தப்பினால் இரண்டும் நிற்கும், துரத்தலில் நேரம் போகும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, பழகாத கை இங்கே ஒளிந்துகொள்வது. ஒரே நேரத்தில் தட்டும்போது பழகிய கை தாளத்தைப் போட, மற்றது பின்பாட்டுப் பாடுகிறது. சோதித்துப் பாருங்கள்: இரண்டும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது பழகிய கைப் பந்தை மட்டும் பிடித்து நிறுத்தச் சொல்லுங்கள். மற்றது அதே உயரத்தில், அதே இடத்தில் தொடர்ந்தால் அந்தக் கை நிஜமாகவே கற்றிருக்கிறது. தடுமாறினால் இரண்டாம் பயிற்சிக்குத் திரும்புங்கள்.

ஆட்டத்தில் பந்து இல்லாத கை டிஃபெண்டரிடமிருந்து பந்தைக் காக்க முன்னே மடங்கி நிற்க வேண்டும். இரண்டு பந்துப் பயிற்சியில் அந்தக் கைக்கு அந்த வேலை ஒருநாளும் கிடைப்பதில்லை. பழகாத கை, பந்தைப் பார்க்காமல் முழங்கால் உயரத்தில் 30 நொடி தாங்கும் பிள்ளைக்கு இது அருமையான அடுத்த படி. அதற்கு முன் வேண்டாம்.

## 4. டென்னிஸ் பந்தோடு

ஒரு கை கூடைப்பந்தைத் தட்ட, மறு கை டென்னிஸ் பந்தை எறிந்து பிடிக்கிறது. கண்ணைக் கூடைப்பந்திலிருந்து பிய்த்தெடுக்க இதைவிட நேரடியான வழி இல்லை. மேலே போகும் சிறு பந்தைப் பார்க்காமல் பிடிக்க முடியாது.

படிகள்:

1. பழகாத கை தட்டட்டும். மறு கையில் டென்னிஸ் பந்து. எறியாமல் 20 நொடி.
2. கண் உயரத்துக்குச் சற்று மேல் எறிந்து, உள்ளங்கை மேல்நோக்கிப் பிடிப்பது. 10 முறை.
3. அதே எறிதல், ஆனால் கையை மேலிருந்து கொண்டுவந்து பறிப்பது போலப் பிடிப்பது. 10 முறை.
4. எறிந்து, கிராஸ் ஓவர் செய்து, தட்டுவதை நிறுத்திய கையால் பிடிப்பது.

நான்காம் படியில்தான் எல்லோரும் திணறுவார்கள், அதற்குக் காரணம் பெரும்பாலும் உயரம். பந்து 50 செ.மீ. மேலே போய் அதே உயரத்துக்குத் திரும்ப சுமார் 0.64 நொடி ஆகும். ஒரு மீட்டர் போனால் சுமார் 0.9 நொடி. முதல் நேரத்தில் ஒரு தட்டுக்குத்தான் இடமுண்டு. கிராஸ் ஓவரும் செய்து, கையை விடுவித்துப் பிடிக்கவும் வேண்டுமென்றால் ஒரு மீட்டர் எறிதல் தேவை. 'உயரமா எறி' என்று ஒரே வார்த்தை பல நாள் திணறலைத் தீர்த்துவிடும். இன்னொரு கோளாறு, பந்தை முன்னால் எறிந்துவிட்டு அதன் பின்னே நடப்பது. மூக்குக்கு நேராக எறியச் சொல்லுங்கள். பந்து உச்சிக்குப் போகும் நொடியில் தட்டும் கை உறைந்துபோவதும் உண்டு. அப்படியானால் இரண்டாம் படியிலேயே இன்னும் சில நாள் இருக்கட்டும்.

செலவைப் பொறுத்தவரை முதலில் வருவது பாதுகாப்பு. உருண்டோடும் டென்னிஸ் பந்தின் மேல் கால் வைத்தால் கணுக்கால் சுளுக்கும். பத்துப் பிள்ளைகள் ஒரே தளத்தில் இதைச் செய்வது உண்மையிலேயே ஆபத்து. சுருட்டிய காலுறையோ, தானியம் அடைத்த சிறு துணிப்பையோ உருளாது. முதல் இரண்டு வாரத்துக்கு அதுவே மேல். இரண்டாவது, இங்கே கண் நிமிர்கிறது, ஆனால் ஒரே சிறு பந்தில் குத்திட்டு நிற்கிறது. ஆட்டத்தில் கண் அகலமாகப் பார்க்க வேண்டும்: டிஃபெண்டரின் இடுப்பு, ஓடிவரும் சக வீரர், காலியான இடம். இது அகலப் பார்வைக்கு முந்திய படி, அதற்கு மாற்று ஆகாது.

## 5. கோன்களுக்கிடையே

ஐந்து கோன் (தரையில் வைக்கும் பயிற்சிக் கூம்புகள்), இடையில் இரண்டு மீட்டர், வளைந்து வளைந்து ஓட்டம். காலும் கையும் சேர்ந்து தாளம் பிடிக்க இது தேவை. நின்ற இடத்தில் வந்தது நகரும்போது வராத பிள்ளைகள் நிறைய. மற்றபடி கணக்கைப் பாருங்கள்: எட்டுப் பேர் ஒரே வரிசை, ஓட்டத்துக்கு 12 நொடி என்றால், ஒருவர் மீண்டும் ஓட 84 நொடி காத்திருக்க வேண்டும். 15 நிமிடத்தில் ஒருவர் கை வேலை செய்வது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. மூன்று வரிசையாவது போடுங்கள். கோன் கையை நீட்டிப் பந்தைப் பறிக்காது என்பதால் பிள்ளைகள் பாதையை மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஒவ்வொரு கோனிலும் நின்று இரண்டு தட்டுப் பின்வாங்கி, கை மாற்றிப் போகச் சொன்னால் கொஞ்சம் உயிர் வரும்.

## 6. பந்து தட்டிவிடும் ஆட்டம்

ஐந்துக்கு ஐந்து மீட்டர் கட்டம், ஆறு பேர், ஆளுக்கொரு பந்து. தன் பந்தைத் தட்டிக்கொண்டே மற்றவர் பந்தைத் தட்டிவிட வேண்டும். கண் தானாக நிமிர்கிறது, சும்மா இருந்த கை காவலுக்கு வருகிறது, உடல் பந்துக்கும் எதிராளிக்கும் நடுவே திரும்புகிறது. யாரும் சொல்லிக் கொடுக்காமலே. ஆட்டத்துக்குப் போய்ச் சேருவதில் இதுவே முதலிடம்.

ஆனால் இரண்டு விதிகளை மாற்றாவிட்டால் பலன் எதிர்மாறாகும். பந்தை இழந்தவர் வெளியே உட்கார வேண்டும் என்றால், அதிகப் பயிற்சி தேவைப்படும் பிள்ளை முதலில் உட்காரும். இழந்தவர் வெளியே போய் எட்டு வடிவச் சுற்று பத்து முடித்துவிட்டுத் திரும்பி வரட்டும். அடுத்தது, போட்டி என்றதும் எல்லோரும் பழகிய கைக்கே போவார்கள். ஒன்று விட்டு ஒரு சுற்று பழகாத கை மட்டும் என்று வையுங்கள். நாலு பேராவது இல்லாமல் இது நடக்காது என்பது இதன் எல்லை.

## ஒரே பார்வையில்

| பயிற்சி | தொடுதல் | பழகாத கைக்குப் பங்கு | கண் | ஆட்டத்துக்குப் போய்ச் சேருவது | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|---|
| தரையில் தட்டாதவை | அதிகம் | சமபங்கு | எளிதில் நிமிரும் | குறைவு | பலன் சீக்கிரம் நின்றுவிடும் |
| ஒரு பந்து, நின்றபடி | மிக அதிகம் | நாம் வைப்பதுதான் | குனியும் | நடுத்தரம் | சலிப்பு |
| இரண்டு பந்து | மிக அதிகம் | சமபங்கு போலத் தோன்றும் | ஓரளவு நிமிரும் | நடுத்தரம் | தலைக்கு இரண்டு பந்து, துரத்தல் |
| டென்னிஸ் பந்தோடு | நடுத்தரம் | அதிகம் | நிமிரும், ஆனால் குறுகும் | நடுத்தரம் | கால் இடறும் ஆபத்து |
| கோன் ஓட்டம் | குறைவு | கை மாற்றச் சொன்னால் உண்டு | கோனில் நிற்கும் | நடுத்தரம் | காத்திருப்பு |
| தட்டிவிடும் ஆட்டம் | அதிகம் | விதி வைத்தால்தான் | அகலமாகும் | மிக அதிகம் | ஆள் வேண்டும், மோதல் |

விரலில் மாட்டும் பயிற்சிக் கையுறை, கீழ்ப்பார்வையை மறைக்கும் கண்ணாடி போன்றவற்றைப் பட்டியலில் சேர்க்கவில்லை. கையுறை தொடுவுணர்வையே மழுக்குகிறது. கண்ணாடி செய்வதை, காட்டும் விரல்களை எண்ணுவதே செய்துவிடும்.

## யாருக்கு எது

பந்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை. முதலில் காரணத்தைப் பிரியுங்கள். கண்ணை மூடி, பழகிய கையால் பத்துத் தட்டு. முடிகிறது என்றால் குனிவது வெறும் பழக்கம். டென்னிஸ் பந்தும் விரல் எண்ணுவதும் மாற்றிவிடும். முடியவில்லை என்றால் கைக்கு இன்னும் தொடுவுணர்வு வரவில்லை, கண் அதற்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் கண்ணைப் பறித்தால் பந்துதான் ஓடும். முதல் இரண்டு பயிற்சிகளுக்குப் போங்கள்.

பயிற்சியில் பிரமாதம், மேட்ச்சில் பந்தை இழப்பவர். இரண்டு பந்தையும் கோனையும் சில வாரம் ஒதுக்கிவைத்துவிட்டு, தட்டிவிடும் ஆட்டத்துக்கு நேரத்தைக் கொடுங்கள். ஆள் இல்லையென்றால் ஒரு பெரியவர் இரண்டு மீட்டர் அகலப் பாதையில் கையை நீட்டிக்கொண்டு மறித்தாலும் போதும்.

தனியாக, வீட்டுக்குள். முதல் பயிற்சி. தரைத்தளமாக இருந்தால் அதோடு இரண்டாவது.

இருபது பேர், பத்துப் பந்து. இருவருக்கு ஒரு பந்து, 30 நொடிக்கு ஒருமுறை கைமாற்றம். பந்து இல்லாதவர் எதிரே நின்று விரல்களைக் காட்டுவார். காத்திருப்பு அப்படியே கண் பயிற்சியாகிவிடும்.

தொடக்கத்தில் சொன்ன அந்தப் பத்து வயதுப் பிள்ளை. முதல் மூன்று வாரம்: தரையில் தட்டாதவை 2 நிமிடம், ஒரு பந்து பழகாத கை 6, பழகிய கை 3, துணிப்பையோடு எறிந்து பிடித்தல் 4. பழகாத கை 30 நொடிச் சோதனையைத் தாண்டிய பிறகு பழகிய கையின் 3 நிமிடத்தை இரண்டு பந்துக்குக் கொடுங்கள்.

இந்த 15 நிமிடத்தை எப்படி அடுக்குவது என்பதிலும் ஒரு முடிவு இருக்கிறது. ஒன்றை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதா, கலந்து செய்வதா? ஷே, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் 1979இல் மூன்று வகைக் கையசைவுகளை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒவ்வொன்றாக முடித்தவர்கள் பயிற்சியின்போது முன்னால் நின்றார்கள்; பின்னர் சோதித்தபோது கலந்து பழகியவர்களே நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆகவே அசைவின் வடிவம் பிடிபடும் முதல் சில நாள்கள் ஒன்றையே தொடர்ந்து செய்யட்டும். அதன்பின் 30 நொடிக்கு ஒன்றாகக் கலந்துவிடுங்கள். அன்றைக்குப் பார்க்கக் கொஞ்சம் அலங்கோலமாகத்தான் இருக்கும், பிள்ளையும் முன்பைவிட அதிகமாகத் தவறவிடும். பெற்றோர் பதறிப்போய்ப் பழைய முறைக்குத் திரும்புவது இங்கேதான்.

தவறவிடுவதே கடினத்தை அளக்கும் கோல். தொடர்ந்து மூன்று நாள் ஒரு பந்தும் தப்பவில்லை என்றால் உயரத்தையோ வேகத்தையோ மாற்றுங்கள். ஐந்து, ஆறு தட்டுக்கு ஒருமுறை தப்புகிறது என்றால் ஒரு படி கீழே இறங்குங்கள். முன்கை சோர்ந்து, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, அந்த 'பட் பட்' சத்தம் திரும்ப வந்துவிட்டால், கடிகாரத்தில் நேரம் மிச்சமிருந்தாலும் அன்றைக்கு நிறுத்திவிடலாம்.